கற்பூரம் எரிந்து முடியும்வரை

அந்தப் பிள்ளையின் இரத்தத்தை எடுத்தவள் நான். சோதித்ததும் நான். முடிவை அச்சடித்து, உறையில் போட்டு, ஒட்டியதும் நான்தான். அந்த முடிவு என்னவென்று இதன் கடைசி வரியிலும் எழுதப் போவதில்லை. அதற்காக வாசிப்பவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். அப்படி எழும்பிப் போகத் தெரியாத ஊரோடுதான் எனக்குப் பிரச்சினையே வந்தது.

என் மகன் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். வீடு இணுவிலில். காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் பஸ்ஸில் வருவேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் "எங்கடை ஆள் ஒராள் அங்கை நிக்கிறா" என்று என்னைத் தேடி வருவார்கள். ஊரில் பாதிப் பேருடைய சீனியும் கொழுப்பும் எனக்குத் தெரியும். கோயிலில் அவர்களைக் கண்டால் சாமியைத்தான் பார்ப்பேன். "சீனி எப்பிடி இருக்கு?" என்று வாய் தவறிக்கூடக் கேட்டதில்லை. அதனால் எனக்குப் பெருமைக்காரி என்று பெயர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முன்னால் மேசையில் இருந்தவள் என்னைவிட வயதில் குறைந்தவள். அரியாலையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வருகிறவர்களின் பெயரையும் என்ன சோதனை என்பதையும் பதிந்து, காசு வாங்கி, மறுநாள் ஒட்டிய உறையை எடுத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. என்ன சோதனை என்று அவளுக்குத் தெரியும்; முடிவு தெரியாது. நல்ல கலகலப்பான ஆள். மத்தியானம் தன் புட்டில் எனக்குப் பாதி வைப்பாள். அவளுடைய தங்கையை எங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள், எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. அது அப்போது எனக்கு ஒரு விசயமாகவே தெரியவில்லை.

பிள்ளை எங்கள் ஒழுங்கைதான். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தனியாக வந்தாள். ஊசி ஏற்றுகிற அறைக்குள் வந்த பிறகுதான் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"அன்ரி, அம்மாவுக்குத் தெரியவேண்டாம்."

"நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லுறேல்லை. கையை நீட்டு" என்றேன்.

மறுநாள் அவளே வந்து முன்மேசையில் உறையை வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கும் எனக்கும் இருந்த கதை அவ்வளவுதான்.

ஊர் என்ன சொன்னது என்பதை எழுதலாம், அது இரகசியம் இல்லை. பிள்ளைக்கு வயிற்றில் தங்கிவிட்டது என்றது ஊர். அது எப்படித் தெரியும் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதிலும் கூடவே வந்தது. "ரத்தம் எடுத்தவவே சொன்னவவாம்." அந்தப் பதில் இல்லாவிட்டால் அது வெறும் வம்பு. அந்தப் பதில் சேர்ந்தவுடன் அது வைத்திய அறிக்கை ஆகிவிட்டது. என் பெயரைப் போட்டுத்தான் அந்தப் பொய்க்கு முத்திரை குத்தினார்கள்.

எனக்கு அது தெரியவந்தது ஒரு காலையில். பஸ்ஸுக்குப் போகப் படலையைத் திறக்கிறேன், வெளியே பிள்ளையின் தாய் நிற்கிறா. தலை வாரவில்லை. என் காலடியிலேயே குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினா.

"என்ரை பிள்ளையைத் தெருவிலை விட்டிட்டியே. உன்ரை வாய் அழுகிப் போக. உன்ரை வீடு விளங்காமல் போக" என்று சொல்லி வீட்டைப் பார்த்துத் தூற்றினா. மண் என் சேலையிலும் தலையிலும் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மண் அள்ளித் தூற்றினால் அந்த வீட்டு வாசலை ஆட்கள் கொஞ்சக் காலத்துக்கு மிதிக்க மாட்டார்கள். உள்ளே போய் வேறு சேலை உடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கதையின் வேரைப் பிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சொல்லிவிட்டா. முன்மேசைக்காரியின் தங்கை வாயிலிருந்துதான் தான் கேட்டதாகவும், "என்ரை அக்காவுக்கு அவவே சொன்னவ" என்று அவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதாகவும்.

மறுநாள் மத்தியானம் முன்மேசையில் போய் நின்று கேட்டேன். அவள் பற்றுச்சீட்டுகளைக் கம்பியில் கொளுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நான் என்னக்கா புதுசாச் சொன்னனான்? நீங்கள்தானே அண்டைக்குச் சாப்பிடேக்கை சொன்னனீங்கள்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வாய் நீளம் என்று என் கணவரே சொல்லுவார். அன்று மட்டும் திரும்பி ஊசி அறைக்கே போய்விட்டேன். அவ்வளவு சாவகாசமாக ஒருத்தி பொய் சொல்லுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னில் அவளுக்கு என்ன கோபம் என்று இன்றைக்கும் தெரியாது. கோபமே இல்லாமலும் இருக்கலாம். தங்கையிடம் வாய் விட்டுவிட்டு, அது பெரிதானதும் தூக்கிப் போட ஒரு தலை தேவைப்பட்டிருக்கும்.

முதலில் முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ரெண்டு பேரும் எனக்கு வேணும். உங்களுக்குள்ளை கதைச்சுத் தீருங்கோ. இதை வெளியிலை கொண்டு போனா ஆக்கள் எங்களிட்டை வரமாட்டினம்."

"சேர், ஏற்கெனவே வெளியிலைதான் நிக்குது."

"அதுதான் சொல்லுறன். நீங்களும் அதைக் கிளறாதையுங்கோ."

அடுத்த கிழமை என்னை ஊசி அறையிலிருந்து எடுத்துப் பின்னால் குழாய்கள் கழுவுகிற இடத்துக்கு விட்டார். சம்பளம் குறைக்கவில்லை. அதனால் அது தண்டனை இல்லையாம். தொழில் திணைக்களத்தில் விசாரித்துப் பார்த்தேன். "வேலையாலை நிப்பாட்டினா வாங்கோ, இடம் மாத்தினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது" என்றார்கள்.

பிறகு பொலிஸ். தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அம்மா, அவதூறு இப்ப குற்றம் இல்லை. முந்தி இருந்தது, அந்தச் சட்டத்தை எடுத்துப் போட்டினம். அடிச்சவவோ? வெருட்டினவவோ?"

"இல்லை."

"அப்ப நான் அவவைப் பிடிக்கேலாது. பதிஞ்சு வைக்கிறன். விரும்பினா இணக்கசபைக்கு அனுப்புறன், ரெண்டு பக்கத்தையும் இருத்திச் சமாதானம் பேசுவினம். இல்லாட்டி லோயர் பிடிச்சு மாவட்ட நீதிமன்றத்திலை வழக்குப் போடுங்கோ."

அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியால் இறங்கினேன்.

சட்டத்தரணி ஒரு பெண். நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறை, மேசை முழுக்கக் கோப்பு. நான் ஆறுதல் தேடிப் போயிருந்தேன். அவ கேள்விதான் கேட்டா.

"என்ன சொன்னவ? அதே சொல்லு, அப்பிடியே வேணும். ஆருக்கு முன்னாலை சொன்னவ? காதாலை கேட்ட ஆள் ஆர்? அவை கோட்டுக்கு வருவினமோ?"

"எழுத்திலை ஒண்டும் இல்லை" என்றேன்.

"போனிலை, முகநூலிலை போட்டிருந்தா அதுக்குப் புதுச் சட்டம் ஒண்டு இருக்கு. வாயாலை சொன்னதெண்டால் பழைய வழிதான். முதல் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம், மன்னிப்புக் கேள், நட்டஈடு தா எண்டு. அசையாட்டி வழக்கு. வருசக் கணக்கா இழுபடும். ஆனா வெல்லலாம்."

அந்தக் கடைசிச் சொல்லில் எனக்கு உயிர் வந்தது. அவ அதோடு விடவில்லை.

"ஒண்டு யோசியுங்கோ. அவ சொன்னதை வழக்கிலை அப்பிடியே எழுதவேணும். அப்ப அந்தப் பிள்ளையின்ரை பேரும் வரும், என்ன சோதனை எண்டதும் வரும். எதிர்ப்பக்கம் பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிடும். கதவைப் பூட்டி விசாரிக்கச் சொல்லி நான் கேக்கலாம். குடுக்கிறது குடுக்காதது நீதிபதியின்ரை கையிலை."

"அப்ப நான் சொன்னனான் எண்டு அவள் சொன்னதை நானே செய்யவேண்டி வருமே!"

"அதைத்தான் சொல்லுறன். பிள்ளை தானா வந்து, எனக்குப் பிரச்சினை இல்லையெண்டு சொன்னா எல்லாம் லேசு. ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

மண் அள்ளித் தூற்றிய வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவது? சட்டத்தரணிக்குச் சட்டம் தெரியும், எங்கள் ஒழுங்கை தெரியாது. சரி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாட்சிக்கு ஆள் தேடினேன். வேலியால் எட்டிச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டா. "கோடு கச்சேரி எண்டு எங்களை இழுக்காதை பிள்ளை. எனக்கும் கட்டிக் குடுக்கக் குமர் இருக்கு." நிலையத்தில் கூட்டித் துடைக்கிற பெண் முன்மேசையில் நாங்கள் கதைத்ததைக் காதால் கேட்டவ. அவவும் தனக்கு அந்த வேலைதான் சோறு என்றா. இரண்டு பேரிலும் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். நல்ல கோபம் வந்தது.

மிஞ்சியது இணக்கசபை. அங்கே சட்டத்தரணி வரமாட்டார், பத்திரிகைக்காரன் வரமாட்டான், சனம் சுற்றி நின்று பார்க்காது. பிள்ளையின் பெயர் வெளியே போகாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்து விசாரித்தார்கள். மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர். நாங்கள் இருவரும் ஒரே நீள மர வாங்கில் இரண்டு கரையில் இருந்தோம். கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்று அழியாமல் கிடந்தது. நான் என் பக்கத்தைச் சொன்னேன். அவள் எழும்பி, சேலையைச் சரி செய்து, மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஐயா, நான் படிப்பில்லாதவள். சட்டம் தெரியாது. அக்கா சொல்லேல்லை எண்டா, அவவின்ரை ஊர்க் கோயில்லையே வந்து கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணட்டும். அதோடை நான் எல்லாற்றை முன்னாலையும் காலிலை விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் சொல்லி முடிக்க முன்னமே நான் ஓம் என்றேன். வெளியே மோட்டார் சைக்கிளோடு நின்ற என் கணவரிடம் போய்ச் சொன்னபோது அவரும் சந்தோசப்பட்டார். எங்கள் ஊரில் கற்பூரத்தை எரியவிட்டு, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது. காணி எல்லை, நகைக் களவு எல்லாம் அப்படித் தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொய்க்காரி அல்லவா அதற்குப் பயப்பட வேண்டும், நான் ஏன் பயப்பட?

அதிபருக்கு மனம் இல்லை. "இது எங்கடை முறை இல்லை. ரெண்டு பேரும் சம்மதமெண்டால் நான் தடுக்கேலாது" என்றார். ஆலயத்தில் சத்தியத்தோடு பிணக்கை முடித்துக்கொள்ள இருவரும் இணங்கினோம் என்று எழுதினார்கள். நான் முதலில் கையெழுத்து வைத்தேன். சத்தியத்துக்கு என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை என்பதைத் தவிர வேறு என்ன வசனம் இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்த பிறகு கோயில் வாசலில் கூடினோம். ஐயர் இதில் தலையிடமாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். ஊர்ச் சனம் வந்திருந்தது. பிள்ளையின் தாயும் தூணோடு ஒட்டி நின்றா. என் கணவர் கல்லில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். நான் கையைத் தூக்கினேன்.

"பொறுங்கோ அக்கா" என்றாள் அவள். "நான் சொன்னது பொய் எண்டுதானே முறைப்பாடு போட்டனீங்கள்? அப்ப எது பொய் எண்டு சாமிக்கு முன்னாலை சொல்லுங்கோ. அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்லை, நான் ஆருக்கும் சொல்லவுமில்லை. ரெண்டையும் சொல்லி அணையுங்கோ."

சனம் தலையாட்டியது. அது நியாயம்தானே என்று யாரோ சொன்னார்கள்.

என் கை தூக்கியபடி நின்றது. பிள்ளையின் தாய் தூணை விட்டு முன்னால் வந்தா. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. என் வீட்டுக்கு மண் தூற்றிய அதே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கேட்டா.

"சொல்லு பிள்ளை. ஒண்டுமில்லையெண்டு ஒருக்காச் சொல்லு. உனக்குக் கோடி புண்ணியம்."

ஒண்டுமில்லை என்று சொன்னால் அது ஒரு முடிவு. இருக்கிறது என்று சொன்னாலும் முடிவு. இரண்டும் அந்த உறைக்குள் இருந்தது, உறை பிள்ளைக்குச் சொந்தம். இன்றைக்கு ஒருத்திக்கு ஒண்டுமில்லை என்று கோயில் வாசலில் சொன்னால், நாளைக்கு நான் வாயைத் திறக்காத ஒவ்வொருவருக்கும் ஏதோ இருக்கிறது என்றுதான் ஊர் எடுக்கும். இவ்வளவு காலமும் கோயிலில் சாமியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றது பிறகு எதற்கு? இதெல்லாம் அந்த நேரம் இவ்வளவு ஒழுங்காக என் மண்டைக்குள் ஓடவில்லை. வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்றது.

"என்ரை பங்கைச் சொல்லுறன். நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. மற்றதை நான் சொல்லேலாது."

"பாத்தியளே!" என்று ஒரு குரல் எழும்பியது. "சொல்லேலாதாம். அப்ப இருக்கு."

நான் திரும்பவும் விளங்கப்படுத்தப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்? கற்பூரம் கல்லில் கரிப் பொட்டு ஒன்றை விட்டுவிட்டுத் தானாகவே எரிந்து முடிந்தது. கையால் அணைக்காத கற்பூரத்துக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். அன்று அதற்கு இரண்டு அர்த்தம் எடுத்தார்கள்: நான் கதை பரப்பியவள், அந்தக் கதையும் உண்மை. பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனா. அவ மண் அள்ளியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். முன்மேசைக்காரி தன் ஸ்கூட்டியில் ஏறிப் போனாள். அவளிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சட்டத்தரணியிடம் ஓடினேன். அவ இணக்கசபைக் கடதாசியை வாசித்துவிட்டுக் கீழே வைத்தா.

"தீர்ந்ததெண்டு கையெழுத்து வைச்சிட்டியளே. தீரேல்லை எண்டு அவை கடதாசி தந்திருந்தாத்தான் நான் வழக்குக்குப் போகலாம்." பிறகு கோப்பை மூடிக்கொண்டு சொன்னா, "கோட்டிலை ஒராள் உந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, அந்த இடத்திலையே எழும்பி மறுப்புச் சொல்லியிருப்பன். பதில் சொல்ல உங்களை விட்டிருக்கமாட்டன்."

அந்த அறையிலிருந்து அழுதுகொண்டுதான் வெளியே வந்தேன். நீதிமன்றத்துக்குப் போனால் பிள்ளை நாறிப்போகும் என்று பயந்து கோயிலுக்குப் போனேன். கோயிலில்தான் பிள்ளையை நாறவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

சில மாதத்தில் அந்த வேலையை நானாகவே விட்டேன். இப்போது நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன இடத்தில் ஊசி பிடிக்கிறேன். பிள்ளை பல்கலைக்கழகம் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கண்டால் அந்த வீட்டார் மற்றக் கரைக்கு மாறுவார்கள்.

போன ஆவணியில் ஒரு நாள் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். கதிரையில் இருந்து, முகக்கவசத்தைக் கழற்றி, கையை நீட்டினாள்.

"உங்களைத் தேடித்தான் வந்தனான் அன்ரி. நீங்களே எடுங்கோ."

கையில் பட்டியைக் கட்டினேன். நரம்பு முன்பு போல் இலகுவாகத் தெரியவில்லை.

"கோயிலடிக் கதையை அம்மா வந்து சொன்னவ" என்றாள். "நான் அப்ப வீட்டிலைதான் இருந்தனான். உங்கடை வீட்டிலை இருந்து எத்தினை தூரம்? நீங்கள் வந்து ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, சொல்லுங்கோ அன்ரி எண்டு சொல்லியிருப்பன். நானே கோயிலுக்கு வந்திருப்பன். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. முதலாளி, பொலிஸ், தொழில் திணைக்களம், இணக்கசபை என்று நான் ஏறாத படி இல்லை. ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன் என்று சட்டத்தரணி சொன்னதையும் காதில் வாங்காமல் விட்டேன். அந்த வீட்டுப் படலையை மட்டும் நான் திறக்கவில்லை.

"எனக்குத் துணிவு வரேல்லை பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரத்தம் குழாயில் ஏறியது. பஞ்சை வைத்து அமர்த்தினேன். இப்போது எதற்குச் சோதனை என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். கனடாவில் மாப்பிள்ளை. அவளைவிட நல்ல வயது கூட. ஊர்க் கதை அங்கேயும் போயிருக்கிறது. உடம்பு முழுக்கச் சோதித்து முடிவைக் காட்டினால்தான் கலியாண எழுத்து என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்களாம்.

"முடிவை என்னட்டைத் தரவேண்டாமாம். நேராத் தங்களுக்கு அனுப்பச் சொல்லினம்."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நீ ஓமெண்டு சொன்னாத்தான் அனுப்புவன். அனுப்பட்டோ?"

முதல்முறையாக ஒருவர் அவளிடம் கேட்டது, அவளுக்கு ஒரே ஒரு பதில் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில். திரைக்கு வெளியே அவளுடைய தாயின் செருப்பு தெரிந்தது. பிள்ளை அதைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை இழுத்து மூடினாள்.

"ஓம் அன்ரி, அனுப்புங்கோ" என்றாள்.